ஏஎஸ் வலியோட தினமும் குப்பை கொட்டுறது எப்படி: அனுபவத்துல தெரிஞ்சுக்கிட்ட சில விஷயங்கள்

எனக்கு அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்னு முதுகெலும்பத் தாக்குற ஒரு மூட்டு நோய் இருக்கு, சுருக்கமா ஏஎஸ். பல வருஷமா இருக்கு, இனிமேலும் இருக்கும், முழுசா குணமாக்குற மருந்து இன்னும் வரல. தினமும் வலிக்கும்னு சொன்னா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எப்படித்தான் தாங்குறீங்களோ?"ங்கறதுதான். பல்லக் கடிச்சிக்கிட்டு தாங்குறதால எனக்கு எந்தப் பிரயோஜனமும் இருந்ததில்ல. உருப்படியா உதவுனது ஒண்ணே ஒண்ணுதான், இன்னைக்கு வந்திருக்கிற வலி எந்த வலின்னு பிரிச்சுப் பாக்கக் கத்துக்கிட்டது. ஏன்னா இந்த நோய்ல வலிங்கறது ஒரே ஆள் கிடையாது, நாலஞ்சு பேர் மாத்தி மாத்தி வந்து கதவத் தட்டுற மாதிரி, ஒருத்தன் வந்தா எந்திரிச்சு நடக்கணும், ஒருத்தன் வந்தா சும்மா இருக்கணும், ஒருத்தனுக்கு மாத்திரை, இன்னொருத்தன் வந்துட்டா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடணும். ஆள் மாறி கவனிச்சா வலி இன்னும் கூடும், அவ்வளவுதான் விஷயம்.

நான் டாக்டர் கிடையாது, நோயாளி. மருந்து பத்தி கீழ சொல்றதெல்லாம் என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான், எது யாருக்குன்னு முடிவு பண்ண வேண்டியது ருமட்டாலஜிஸ்ட், அதாவது இந்த மாதிரி மூட்டு நோய்ங்களப் பாக்கற டாக்டர்.

மொதல்ல ஒரு குழப்பத்த ஒதுக்கிடறேன். ஸ்பாண்டிலைட்டிஸ்னு சொன்ன உடனே "எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சு, கழுத்துல பட்டை போட்டாரு, ரெஸ்ட் எடுத்தாரு, சரியாப் போச்சு"ம்பாங்க. அவங்க சொல்றது வயசானா வர்ற எலும்பு தேய்மானம். ஏஎஸ் வேற ஜாதி. உடம்போட எதிர்ப்பு சக்தியே நம்ம மூட்டுங்களப் போட்டுத் தாக்குறதால உள்ள அழற்சி வருது, பெரும்பாலும் இடுப்புக்குப் பின்னாடி முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேர்ற சாக்ரோஇலியாக் மூட்டுல ஆரம்பிச்சு மேல ஏறும், ரொம்ப நாள் கவனிக்காம விட்டா சிலருக்கு முதுகெலும்பு துண்டுகளுக்கு நடுவுல புது எலும்பு வளர்ந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சாதாரணமா 45 வயசுக்குள்ள ஆரம்பிச்சிடும், நிறைய பேருக்கு இருபதுகள்லயே. அந்த வயசுல முதுகு வலின்னு போய் நின்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, அதுவும் பொம்பளைங்களா இருந்தா இன்னும் மோசம், ஏன்னா இது ஆம்பளைங்க நோய்னு ரொம்ப காலமா நெனச்சிட்டு இருந்தாங்க. என்கிட்டயும் ஒருத்தர் "ரெண்டு வாரம் நல்லா படுத்து ரெஸ்ட் எடும்மா, தசைப்பிடிப்புதான்"னு அனுப்பிச்சாரு. படுத்தா கூடுது, எந்திரிச்சு வேலை பாத்தா குறையுதுன்னு நான் சொன்னதுதான் அங்க முக்கியமான துப்பு, அத அவர் காதுல வாங்கல.

அந்தத் துப்ப கொஞ்சம் விளக்கமா சொல்றேன், இதப் படிக்கிற யாருக்காச்சும் இன்னும் நோய்க்குப் பேரே வெக்காம இருக்கலாம். தூக்கி நிமிரும்போது சுளுக்குனா சட்டுனு வலிக்கும், எப்ப ஆரம்பிச்சதுன்னு தேதி கூட சொல்லலாம். இது அப்படி இல்ல, எப்ப வந்துச்சுன்னே தெரியாம மெதுவா வந்து மூணு மாசம் தாண்டியும் போகாம உக்காந்திருக்கும். நைட்டு தூங்கிடுவோம், ரெண்டாவது ஜாமத்துக்கு மேல, ரெண்டு மூணு மணி வாக்குல வலி எழுப்பி விடும், எந்திரிச்சு கொஞ்சம் நடந்தா விடும். காலைல அரை மணி நேரத்துக்கு மேல உடம்பு மடங்காது. பின்புறத்துல ஒரு நாள் இடது பக்கம், இன்னொரு வாரம் வலது பக்கம்னு மாத்தி மாத்தி வலிக்கும். வலி மாத்திரை போட்டா ஒரு நாள் ரெண்டு நாள்ல நல்லாவே குறையும். இதுல பாதி ஒத்துப்போனாலே எலும்பு டாக்டர்கிட்ட சுத்திக்கிட்டு இருக்காம ருமட்டாலஜிஸ்ட்ட பாத்துடுங்க. எக்ஸ்ரே நார்மல்னு வந்தா நோய் இல்லன்னு அர்த்தம் இல்ல, எக்ஸ்ரேல தெரியறதுக்கு வருஷக்கணக்கா ஆகும், எம்ஆர்ஐல அதுக்கு முன்னாடியே எலும்புக்குள்ள இருக்கிற அழற்சி தெரிஞ்சிடும். அழற்சி இருக்கான்னு ரத்தத்துல பாக்கற ஈஎஸ்ஆர், சிஆர்பி டெஸ்ட் ரெண்டும் நார்மலா இருந்துகிட்டே நோய் ஜோரா இருக்கிறவங்களும் உண்டு. எச்எல்ஏ-பி27ங்கற மரபணு இருக்கான்னு பாக்க ஒரு டெஸ்ட் இருக்கு, 1973ல தான் இந்த மரபணுவுக்கும் ஏஎஸ்ஸுக்கும் சம்பந்தம் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ஏஎஸ் இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது பாசிட்டிவா இருக்கும், ஆனா பாசிட்டிவா இருக்கிற ஜனங்கள்ல ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தான் நோய் வரும், அதனால வீட்டுல இருக்கிற சின்னப் பசங்களுக்கெல்லாம் வலி எதுவும் இல்லாமலே டெஸ்ட் எடுத்து வெச்சிக்கிட்டு பயந்துட்டு இருக்கத் தேவையில்ல.

சரி, வலிங்களுக்கு வருவோம்.

முதல் ஆள் காலை இறுக்கம். இது வலிங்கறத விட ஒரு பிடிப்பு. கண்ணு முழிக்கும், உடம்பு முழிக்காது. இங்க நான் ஸ்ட்ராங்கா சொல்றது, காலை இறுக்கத்த காலைல சமாளிக்க ஆரம்பிச்சா லேட்டு, முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பிச்சிடணும். ராத்திரி ஒரே இடத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்து எதையாச்சும் பாத்துட்டு அப்படியே போய் படுத்தா அடுத்த நாள் காலைல அதுக்கு வட்டியோட கட்டணும். படுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஸ்ட்ரெச் பண்ணிட்டு படுத்தா ரெண்டு மணிக்கு வர்ற வலி கூட கொஞ்சம் தள்ளிப் போகுது. மாத்திரை நேரத்தையும் டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கலாம், நீண்ட நேரம் வேலை செய்யிற மாத்திரைய ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னதுல தான் எனக்கு காலைப் பொழுதே மாறுச்சு, அதுவரைக்கும் காலைல எந்திரிச்சு போட்டுட்டு அது வேலை செய்யற வரைக்கும் பாதி காலை போயிடும்.

படுக்கையிலேர்ந்து எந்திரிக்கறதுக்கே ஒரு முறை இருக்கு. மல்லாந்து படுத்த வாக்குல அப்படியே தலையத் தூக்கி உக்காரப் பாக்காதீங்க, அதுதான் உயிர் போற வலி. படுத்துக்கிட்டே முட்டிய மடக்கி, ரெண்டு முட்டியையும் சேத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு மெதுவா சாய்ச்சு ஒரு அஞ்சு நிமிஷம் ஆட்டணும், அப்புறம் தோளும் இடுப்பும் ஒண்ணா திரும்புற மாதிரி ஒருக்களிச்சுப் படுத்து, காலை கட்டிலுக்கு வெளிய தொங்க விட்டுக்கிட்டே கையால ஊனி எந்திரிக்கணும். காலோட எடை உடம்பத் தூக்கிக் கொடுத்திடும், முதுகுக்கு வேலையே இல்ல. ராத்திரி புரண்டு படுக்கவும் இதே கதைதான். வழுக்குற மாதிரி துணில விரிப்பு போட்டாலோ, வழுக்குற துணில நைட் டிரஸ் போட்டாலோ புரள்றது ரொம்ப சுலபமா இருக்கு, சின்ன விஷயம்தான், ஆனா ராத்திரி பல தடவ பண்ற வேலை பாருங்க.

எந்திரிச்ச உடனே சூடா தண்ணி. காலைல குளிக்கறது எனக்கு சுத்தத்துக்குன்னு இல்ல, மருந்து மாதிரி. முதுகுல சூடு தண்ணி பட நின்னுக்கிட்டே தலையை மெதுவா திருப்பறது, தோள சுத்தறது, பக்கவாட்டுல சாயறதுன்னு பண்ணுவேன், சூடா இருக்கும்போது தசை சொன்ன பேச்சு கேக்கும். வழுக்கி விழாம இருக்க கீழ ரப்பர் பாய் போட்டு, புடிச்சுக்க ஒரு கம்பியும் வெச்சுக்கோங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் நடை. இதெல்லாம் முடிச்சிட்டுத்தான் சாக்ஸ் ஷூ எல்லாம், குனியற வேலை எதையும் முதல் ஒரு மணி நேரத்துல வெச்சுக்கறது இல்ல. காலைல எங்கயாச்சும் போகணும்னா சீக்கிரமா முழிச்சிடறது தூக்கத்துக்கு நஷ்டம்தான், ஆனா அவசரமா கிளம்புற காலை அந்த முழு நாளையும் கெடுத்துடும், ரெண்டுல எத விடறதுன்னு கேட்டா நான் தூக்கத்தத்தான் கொஞ்சம் விடுவேன்.

தும்மல் பத்தி யாரும் எழுத மாட்டேங்கறாங்க! விலா எலும்பு முதுகெலும்போட சேர்ற இடத்துலயும் அழற்சி இருக்கும்ங்கறதால தும்மல், இருமல், சில சமயம் கொட்டாவி கூட நெஞ்சச் சுத்தி குத்தும். தும்மல் வர்றது தெரிஞ்ச உடனே முட்டிய லேசா மடக்கி, சுவத்துல முதுக சாச்சுக்கிட்டோ, இல்ல ஒரு தலகாணிய நெஞ்சோட கட்டிப் புடிச்சிக்கிட்டோ தும்முங்க. குனிஞ்சிக்கிட்டே தும்மாதீங்க.

ரெண்டாவது ஆள், வேலை செஞ்சு வர்ற வலி. இதுக்கும் முதல் ஆளுக்கும் வித்தியாசம் தெரியலன்னா பெரிய சிக்கல், ஏன்னா "ஏஎஸ்ஸுக்கு அசைவுதான் மருந்து"ன்னு படிச்சிட்டு எல்லா வலிக்கும் எக்சர்சைஸ் பண்றவங்களும் உண்டு, எல்லா வலிக்கும் படுக்கறவங்களும் உண்டு. நான் பாக்கறது ரெண்டே விஷயம். அசைய ஆரம்பிச்சு இருபது நிமிஷத்துல வலி இளகுதா, அப்ப அது இறுக்கம், தொடர்ந்து அசையலாம். அசைய அசைய கூடுதா, அதுவும் சாயங்காலம் ஆக ஆக ஏறி, தொட்டா வலிக்கிற ஒரு தசை அங்க கல்லு மாதிரி நிக்குதா, அப்ப அது களைச்சுப் போன தசை, அதுக்கு சூட்டு ஒத்தடமும் கொஞ்சம் ஓய்வும் கொடுக்கணும். ஓய்வுன்னா கூட படுத்தே கிடக்கறது இல்ல, அந்த வேலைய நிறுத்திட்டு வேற நிலைக்கு மாறுறது. அடுத்த நாள் காலை இறுக்கம் வழக்கத்த விட ரொம்ப நேரம் இருந்துச்சுன்னா நேத்து பண்ணது கூடிப்போச்சுன்னு கணக்கு, இன்னைக்கு பாதியா குறைச்சுக்கலாம், ஆனா பூஜ்யம் ஆக்கக் கூடாது.

நல்ல நாள்தான் ரொம்ப ஆபத்தான நாள்னு நான் சொல்லுவேன். வலி கம்மியா இருக்குன்னு தெரிஞ்ச உடனே பாக்கி கிடக்குற வேலை எல்லாம் கண்ணுல படும், வீடு முழுக்க ஒழிக்கலாமான்னு தோணும், ஒழிச்சா அடுத்த மூணு நாள் காலி. அதனால நல்ல நாளுக்கும் ஒரு எல்லை, மோசமான நாளுக்கும் ஒரு குறைஞ்சபட்சம்னு வெச்சிருக்கேன். வேலையத் துண்டு துண்டா உடைக்கறது, ஒரே மாதிரி அசைவ தொடர்ந்து பண்ணாம நடுவுல வேற வேலைக்கு மாறுறது, அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிக்கறது. உக்காந்து பாக்குற வேலைன்னா போன்ல அலாரம் வெச்சுக்கோங்க, வேலை மும்முரத்துல உடம்பு சொல்றது கேக்காது, எந்திரிக்கும்போதுதான் கேக்கும். ஸ்கிரீன் கண்ணு மட்டத்துல இருக்கணும், மடியில வெச்சு குனிஞ்சு பாத்தா கழுத்து அந்த வளைவையே பழகிக்கும். போன் பேசும்போது நடந்துகிட்டே பேசறதுன்னு ஒரு பழக்கம் வெச்சிருக்கேன், வீட்டுல இருக்கிறவங்களுக்கு தலை சுத்துதாம்.

எக்சர்சைஸ்ல என்ன பண்ணலாம்னு கேட்டா, இந்த நோய் நம்மள முன்னாடி குனிய வெக்கப் பாக்குது, நாம நிமிர்ற பக்கமா இழுக்கணும், இத ஞாபகம் வெச்சுக்கிட்டா பாதி கேள்விக்கு பதில் கிடைச்சிடும். தினமும் பதினஞ்சு இருபது நிமிஷம் குப்புறப் படுக்கறது, முடியாதவங்க நெஞ்சுக்குக் கீழ ஒரு தலகாணி வெச்சு ஆரம்பிக்கலாம். சுவத்துல குதிகாலும் முதுகும் ஒட்ட நின்னு தலையோட பின்பக்கம் சுவத்தத் தொட முயற்சி பண்றது. கதவு நிலைல ரெண்டு கையையும் வெச்சு நெஞ்ச விரிக்கறது. விலாவுல ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு ஆழமா மூச்ச இழுத்து விலா விரியறத கையாலேயே உணர்றது, இத விடாம பண்ணுங்க, நெஞ்சுக் கூடு இறுகிட்டா படி ஏறும்போதுதான் தெரியும். தொடையோட பின்பக்க தசை, இடுப்போட முன்பக்க தசை ரெண்டையும் இழுத்து விடணும். நீச்சல் தெரிஞ்சா ரொம்ப நல்லது, வெதுவெதுப்பான தண்ணில எடை தெரியாம எல்லாப் பக்கமும் அசையலாம். முடிஞ்சா ஏஎஸ் தெரிஞ்ச பிசியோதெரபிஸ்ட்ட ஒரு தடவையாச்சும் பாத்து உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி எழுதி வாங்கிக்கோங்க. கழுத்தையும் முதுகையும் சட்டுனு திருப்பி 'படக்'குனு சொடக்கெடுத்து விடறவங்ககிட்ட மட்டும் போகவே போகாதீங்க, இறுகுன முதுகெலும்பு உடையற அபாயம் நெசமாவே இருக்கு. இதுல எனக்கு சமாதானமே கிடையாது, யார் சொன்னாலும் வேண்டாம்.

தலகாணி மெல்லிசா இருக்கணும், ரெண்டு மூணு அடுக்கி வெச்சா ராத்திரி முழுக்க கழுத்து முன்னாடி மடங்கியே இருக்கும். மெத்தை குழியாகாம இருக்கணும், அதுக்காக பலகை மாதிரி வேணும்னு அவசியமில்ல, பக்கவாட்டுல படுத்தா தோளு இடுப்பு வலிக்காத அளவுக்கு இருந்தாப் போதும். முட்டிக்கு அடியில தலகாணி வெச்சுட்டு தூங்குறது சுகமாத்தான் இருக்கும், ஆனா இடுப்பு முட்டி ரெண்டும் மடங்குன நிலையிலயே பழகிடும்னு பிசியோதெரபிஸ்ட் எனக்கு வேண்டாம்னுட்டாங்க.

மூணாவது ஆள், ஃப்ளேர். நோய் மூர்க்கமா கிளம்புற நாட்கள். இது வேலை செஞ்ச வலி மாதிரி ஒரு இடத்துல நிக்காது, முதுகு, பின்புறம், விலா, குதிகால்னு பல இடத்துல சேந்து வரும், கூடவே காய்ச்சல் வரப்போற மாதிரி ஒரு அசதி. குதிகால் ஏன்னு கேப்பாங்க, தசைநாண் எலும்புல ஒட்டுற இடங்களையும் இந்த அழற்சி தாக்கும், அதனாலதான் காலைல முதல் அடி வெக்கும்போது குதிகால்ல உயிர் போகுது. குதிகாலுக்கு எனக்கு சூட்ட விட ஐஸ் தான் கேக்குது, முதுகுக்கு நேர் எதிரா சூடு. வீட்டுக்குள்ளயே மெத்துனு செருப்பு போட்டு நடங்க, வெறுங்கால் வேண்டாம்.

ஃப்ளேர் நாளுக்குன்னு ஒரு திட்டம் முன்கூட்டியே எழுதி வெச்சிடணும், அன்னைக்கு யோசிக்கற தெம்பு இருக்காது. என் திட்டத்துல இருக்கறது: டாக்டர் முன்னமே சொல்லி வெச்ச அளவுல மாத்திரை, அதுக்கு மேல நானா ஏத்தறது இல்ல. எக்சர்சைஸ்ல பாதிக்கு மேல வெட்டிட்டு மூச்சுப் பயிற்சியும் படுத்துக்கிட்டே பண்ற அசைவும் மட்டும். அன்னைக்கு தள்ளிப்போடக்கூடிய வேலைய எல்லாம் தள்ளிப்போட்டுட்டு ஒரே ஒரு வேலைய மட்டும் முடிக்கறது. ஒரு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து படுக்காம, எந்திரிச்சு ரூமுக்குள்ளயே ரெண்டு சுத்து. எத்தன நாள் நீடிச்சா டாக்டருக்கு போன் பண்ணணும்ங்கறதையும் அவர்கிட்டயே கேட்டு அதுல எழுதிடுங்க.

மாத்திரை பத்தி. நாப்ராக்சன், இண்டோமெதாசின், எடோரிகாக்சிப், செலிகாக்சிப் மாதிரி அழற்சி குறைக்கற மாத்திரைங்கதான் இதுல முதல் கட்டம். பாராசிட்டமால் வலியக் கொஞ்சம் குறைக்கலாம், அழற்சிய ஒண்ணும் பண்ணாது. ஒரு மாத்திரை கேக்கலன்னா இன்னொண்ணு கேக்கலாம், எனக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கு ஒத்துக்கணும்னு இல்ல. ஆனா இதுங்கள மிட்டாய் மாதிரி முழுங்கற சாமான் இல்ல, வயித்துல புண்ணு, பிபி ஏறுறது, கிட்னி, இதயம்னு எல்லாத்தையும் கவனிக்கணும், சாப்பிட்ட அப்புறம் போடணும், தேவைப்பட்டா வயித்துக்கு மாத்திரை சேத்துக் கொடுப்பாங்க, அப்பப்ப ரத்த டெஸ்ட் எடுக்கணும். மலம் தார் மாதிரி கருப்பா போனா காத்துட்டு இருக்காதீங்க. ஸ்டீராய்டு மாத்திரை முதுகெலும்புக்கு ரொம்ப நாள் சாப்பிடறத பொதுவா பரிந்துரைக்கறது இல்ல, மெத்தோட்ரெக்சேட்டும் முதுகெலும்பு வலிக்கு எடுபடாது, சல்ஃபாசலசின் கை கால் மூட்டு வீங்குனாத்தான் உபயோகப்படும். "ஆர்த்ரைட்டிஸ் மாத்திரை"ன்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி சாப்பிடறது நமக்கு ஆகாதுங்கறதுக்கு இதான் காரணம்.

ரெண்டு மாத்திரை மாத்திப் பாத்தும் நோய் அடங்கலன்னா பயாலஜிக்ஸ்ங்கற ஊசி மருந்துங்க இருக்கு. 2003ல எட்டனர்செப்ட்டுக்கு அமெரிக்காவுல ஏஎஸ்ஸுக்குன்னு அனுமதி கிடைச்சுது, அப்புறம் அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப், கோலிமுமாப் எல்லாம் வந்துச்சு, 2016ல செக்குகினுமாப்னு வேற வழியில வேலை செய்யற ஒண்ணு, இப்ப மாத்திரையாவே சாப்பிடற டோஃபாசிட்டினிப், உபாடாசிட்டினிப் கூட இருக்கு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிபி, ஹெபடைட்டிஸ் டெஸ்ட் கட்டாயம் எடுப்பாங்க, ஏன்னா அமுங்கிக் கிடக்குற டிபிய இது எழுப்பி விட்டுடும். தடுப்பூசி பத்தியும் அப்பவே கேட்டுக்கோங்க, உயிருள்ள கிருமி வெச்ச தடுப்பூசிங்கள மருந்து ஆரம்பிச்ச அப்புறம் போட முடியாது. காய்ச்சல், சளி, ஏதாச்சும் இன்ஃபெக்‌ஷன்னா அடுத்த ஊசி போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் போடணும். வேலை செய்யுதா இல்லையான்னு தெரிய சுமார் மூணு மாசம் கொடுப்பாங்க. எனக்கு ஊசி ஆரம்பிச்சப்பறம் ராத்திரி வலி பெருமளவு போச்சு, காலை இறுக்கம் சுருங்குச்சு, ஆனா வலியே இல்லாத உடம்பு கிடைக்கல, ஏற்கனவே இறுகிப்போன இடம் இறுகுனதுதான், தசை வலியும் அப்படியேதான் வருது. ஊசி போட்டாச்சு இனி எக்சர்சைஸ் எதுக்குன்னு விட்டவங்க கொஞ்ச நாள்ல திரும்ப வந்து நிக்கறதையும் பாத்திருக்கேன். சிகரெட் பிடிக்கறவங்களுக்கு முதுகெலும்பு சேதம் அதிகமா ஆகுது, அத மட்டும் எந்த ஊசியும் ஈடு கட்டாது.

நாலாவது ஆள் வந்தா தாங்கவே கூடாது. வலிக்குப் பழகுனவங்களுக்கு இருக்கிற பெரிய அபாயம் இதுதான், எல்லாத்தையும் "ஏஎஸ் தான்"னு ஒதுக்கிடறது. ஒரு கண்ணு மட்டும் செவந்து, வலிச்சு, வெளிச்சத்தப் பாக்க முடியாம, பார்வை மங்குனா அது மெட்ராஸ் ஐ இல்ல, கண்ணுக்குள்ள அழற்சி வர்ற யூவியைட்டிஸா இருக்க வாய்ப்பு அதிகம், ஏஎஸ் இருக்கிறவங்கள்ல கணிசமான பேருக்கு எப்பவாச்சும் ஒரு தடவ வந்துடும். கடையில சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கிட்டு நாலு நாள் பாக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே கண் டாக்டர், உங்களுக்கு ஏஎஸ் இருக்குன்னு அவர்கிட்ட சொல்லணும். லேசா தடுக்கி விழுந்துட்டு, அதுக்கப்புறம் இதுவரைக்கும் இல்லாத புது வலி முதுகுலயோ கழுத்துலயோ வந்தா எலும்பு முறிவு இல்லன்னு ஸ்கேன்ல உறுதி ஆகற வரைக்கும் நம்பாதீங்க, இறுகுன முதுகெலும்பு சின்ன அடியிலயே முறியும், எலும்பு மெலிஞ்சும் போயிருக்கும், எக்ஸ்ரேல சில சமயம் தெரியாது. கால் மரத்துப் போறது, உக்கார்ற இடத்துல உணர்ச்சி இல்லாமப் போறது, சிறுநீர் வராம போறது இல்ல அடக்க முடியாம போறது, இதெல்லாம் எமர்ஜென்சி. நெஞ்சு வலிய விலா வலின்னு நாமளே தீர்ப்பு சொல்லக் கூடாது, அழுத்துற மாதிரி, கை தாடைன்னு பரவுற மாதிரி, மூச்சு வாங்கிக்கிட்டு வந்தா உடனே போகணும். வாரக்கணக்கா வயித்துப்போக்கு, ரத்தம் போறது, தோல்ல செதில் செதிலா வர்றதெல்லாம் இதோட சொந்தக்காரங்கதான், மறக்காம சொல்லிடுங்க, ஏன்னா அதப் பொறுத்து எந்த ஊசிங்கறதே மாறும்.

அஞ்சாவது ஆளுக்கு வலின்னு பேரு கிடையாது, அசதி. எனக்கு வலிய விட இதுதான் கோவத்த வரவழைக்கும். எட்டு மணி நேரம் படுத்திருப்போம், எந்திரிக்கும்போது படுக்காத மாதிரி இருக்கும். சோம்பேறித்தனம்னு வெளிய இருந்து பாக்கறவங்களுக்குத் தோணும், பல சமயம் நமக்கே தோணும். அழற்சி ஓயாம நடக்கறதும், ராத்திரி தூக்கம் உடையறதும் சேந்துதான் இப்படி. ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி இதெல்லாம் ஒரு தடவ பாத்துடறது நல்லது, எல்லாத்தையும் ஏஎஸ் தலையில கட்டக் கூடாது. மத்தியானம் அரை மணிக்குள்ள ஒரு குட்டித் தூக்கம், அதுக்கு மேல போனா இறுக்கம் வந்துடும். மூளைய உபயோகிக்கற வேலைய எந்த நேரத்துல உடம்பு சுமாரா இருக்கோ அந்த நேரத்துக்கு மாத்தறது, எனக்கு அது காலை பத்துலேர்ந்து ஒரு மணி. மனசும் இதுல உண்டு, வருஷக்கணக்கா வலிச்சா மனசு சோர்றது ரொம்ப சாதாரணம், அதுக்குன்னு தனியா ஒரு ஆள்கிட்ட போய் பேசறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, தூக்கமும் கொஞ்சம் சரியாகலாம், வலியும் சேந்தே குறையலாம்.

வீட்டுல சொல்றது ஒரு கலை. வெளிய ஒரு காயமும் தெரியாது, காலைல நகர முடியாதவங்க சாயங்காலம் சிரிச்சிக்கிட்டு நிப்போம், அவங்களுக்கும் குழப்பம்தான். "வலிக்குது"ன்னு தினமும் சொன்னா ஒரு கட்டத்துல அது காத்துல போற சத்தமாயிடும், நானே அப்படித்தான் கேப்பேன். அதனால நாங்க வீட்டுல நம்பர் வெச்சிருக்கோம், "இன்னைக்கு ஏழு"ன்னா பாரம் தூக்கற வேலை, குனியற வேலை எதுவும் என்கிட்ட வராது, "நாலு"ன்னா வழக்கம் போல. வீட்டுக்காரர் காலைல முதல்ல கேக்கறதே "நம்பர் என்ன?"தான், அதுக்கு மேல பேச்சு வளக்கறது இல்ல, எனக்கு அது பெரிய நிம்மதி. உதவி கேக்கும்போதும் "கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னு பொதுவா சொல்லாம "அந்த வாளிய மட்டும் தூக்கி வெச்சிடுங்க"ன்னு சொன்னா எல்லாருமே செய்யறாங்க. "நல்லாத்தானே இருக்கீங்க"ன்னு சொல்றவங்களுக்கு விளக்கம் கொடுக்கறத நான் விட்டுட்டேன், "ஆமாங்க, இப்ப பரவால்ல"ன்னு சொல்லிட்டு போயிட்டே இருப்பேன்.

டாக்டர்கிட்ட போறதுக்கும் இதே பிரிச்சுப் பாக்கற பழக்கம்தான் உதவும். உள்ள போய் "ரொம்ப வலி டாக்டர்"ன்னா அவருக்கு ஒண்ணும் புரியாது. பாஸ்டாய்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, 1994ல வந்தது, ஆறே கேள்வி: அசதி, முதுகு வலி, மத்த மூட்டு வலி, தொட்டா வலிக்கற இடங்கள், காலை இறுக்கம் எவ்வளவு, எவ்வளவு நேரம். ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துலேர்ந்து பத்து வரை மார்க் போட்டு, கடைசி ரெண்டையும் சராசரி ஆக்கி மத்த நாலோட கூட்டி அஞ்சால வகுக்கணும், 4ஓ அதுக்கு மேலயோ வந்தா நோய் அடங்கலன்னு எடுத்துப்பாங்க. வாரத்துக்கு ஒரு நாள் போட்டு போன்லயே எழுதி வெச்சிருந்தா அடுத்த விசிட்ல மூணு மாசமும் அப்படியே கண்ணுல தெரியும், போன வாரம் மட்டும் நல்லா இருந்துச்சுன்னு "பரவால்ல டாக்டர்"னு வாய் தவறி சொல்லிட்டு வர வேண்டியிருக்காது. அதோட ராத்திரி எத்தன தடவ வலி எழுப்புச்சு, மாத்திரை வாரத்துல எத்தன நாள் தேவைப்பட்டுச்சுங்கற ரெண்டையும் எழுதுங்க, மருந்து மாத்தற முடிவுக்கு இது ரெண்டும் ரொம்ப உதவுது.

பர்ஸ்ல ஒரு சின்ன அட்டையும் வெச்சிருக்கேன், எல்லா ஏஎஸ் காரங்களும் வெச்சுக்கணும்னு சொல்லுவேன். நோயோட பேரு, என்ன ஊசி, கடைசியா எப்ப போட்டது, கழுத்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பாதுங்கறது, வீட்டு ஆளோட நம்பர். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது தொண்டையில குழாய் போடறதுக்கு கழுத்த பின்னாடி சாய்ப்பாங்க, இறுகுன கழுத்துல அது முடியாது, முன்னாடியே தெரிஞ்சா வேற முறைக்குத் தயாரா இருப்பாங்க. பல் டாக்டர் நாற்காலியில கூட தலைய ரொம்ப சாய்ச்சா கஷ்டம்ங்கறதால அங்கயும் அட்டையத்தான் முதல்ல நீட்டறது.